தன்வினை, பிறவினை, செயப்பாட்டுவினை: தென்காசி வட்டாரத்துப் பைக் பழுது குறித்த ஓர் இலக்கண ஆய்வு

பாயிரம்

நூலுக்குப் பாயிரத்தை நூலாசிரியனே எழுதக் கூடாது. அவனுடைய ஆசிரியரோ, உடன் பயின்றவரோ, மாணாக்கரோ, உரைகாரரோ எழுத வேண்டும் என்கிறது நன்னூல். இந்த ஆய்வில் என் ஆசிரியர் தென்காசியில் வேப்பமரத்தடியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக். ஸ்பேர் பார்ட்ஸ் அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் பின்பக்கம் போடும் கணக்கைத் தவிர அவர் வேறெதையும் எழுதியதில்லை. உடன் பயின்றவன் என் மைத்துனன். என் பழுது பார்க்கும் திறமை பற்றி அவன் வாயைத் திறக்கலாகாது என்று குடும்பத்தில் ஓர் உடன்படிக்கை உண்டு. மாணாக்கன் ஒருவன் இருந்தான், பக்கத்து வீட்டுப் பையன். டார்ச் பிடிக்க வந்தவன் அன்றைக்கே போய்விட்டான். உரைகாரர் எனக்கு எவரும் இல்லை. ஆகவே மரபை மீறி நானே எழுதுகிறேன்.

ஆய்வுப் பொருள் இது: பைக் பழுதானால் நாமே ஸ்பானரைக் கையில் எடுப்பதா, காசு கொடுத்துக் கம்பெனி ஷோரூமில் விடுவதா? ஆய்வுக் களம் கிழக்கே பாவூர்சத்திரம் முதல் மேற்கே புளியரை வரை; நடுவே தென்காசி, இலஞ்சி, குற்றாலம். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வண்டிகளின் எண்ணிக்கை ஒன்று. அது என்னுடையது, நூறு சிசி, டிஎன் 76 என்று தொடங்கும் நம்பர். ஒரு வண்டியை வைத்துக்கொண்டு முடிவு சொல்லலாமா என்று எதிர்ப்பக்கத்தார் கேட்பார்கள். அந்த ஒரு வண்டி பதினான்கு ஆண்டுகளில் எத்தனை வகையாகப் பழுதாகியிருக்கிறது என்பதை அவர்கள் அறியார்.

வினையியல்

சொல்லதிகாரத்தில் வினைக்கென்றே தனி இயல் வகுத்தவர் தொல்காப்பியர். அதில் மோட்டார் சைக்கிள் வரவில்லை என்பதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்து இலக்கணப் புத்தகத்தில் நாம் படித்த பாகுபாடே இந்த ஆய்வுக்குப் போதும். ‘பழுது பார்த்தேன்’ என்றால் தன்வினை. ‘பார்ப்பித்தேன்’ என்றால் பிறவினை. ‘பழுது பார்க்கப்பட்டது’ என்றால் செயப்பாட்டுவினை. முதலாவது வீட்டு முற்றத்தில் நடக்கும், இரண்டாவது வேப்பமரத்தடியில், மூன்றாவது ஏசி போட்ட ஷோரூமில். உலகத்தார் இரண்டு வழிதான் உண்டென்று விவாதிக்கிறார்கள், நாமே பார்ப்பதா டீலரிடம் விடுவதா என்று. மரத்தடியைக் கணக்கில் எடுக்காத எந்த ஆராய்ச்சியும் தென்காசிக்குப் பொருந்தாது.

இம்மூன்றுக்கும் முன்னால் நிகழ்வது இன்னொன்று: வண்டி நின்றது. இது செயப்படுபொருள் குன்றிய வினை. எதை நின்றது, யாரை நின்றது என்று கேட்க முடியாது. நின்றது, அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் வண்டி நிற்பதற்கென்று ஒரு பருவமே இருக்கிறது. ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை, ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று சாரலைத் தள்ளிக்கொண்டு வரும். மழை என்றால் யாரும் ஒதுங்குவார்கள். சாரலுக்கு ஒதுங்குகிறவன் கிடையாது. அதில் நனையத்தானே மதுரையிலிருந்தும் ராஜபாளையத்திலிருந்தும் வண்டி கட்டி வருகிறார்கள். மழை மேலிருந்து விழும். பெட்ரோல் டேங்க் குடையாக இருந்து ப்ளக்கை ஓரளவு காக்கும். சாரலோ காற்றோடு குறுக்கே வந்து, ப்ளக் கேப்பின் இடுக்கில் நுழைந்து உட்கார்ந்துகொள்ளும். இக்னிஷன் காயில் அனுப்பும் மின்சாரம் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல். அது ப்ளக்கின் நுனியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியைத் தாண்டிக் குதித்தால்தான் பொறி பிறக்கும், பெட்ரோல் எரியும். ஈரம் இருந்தால் ப்ளக்கின் வெள்ளைப் பீங்கான் மேலேயே வழிந்து என்ஜின் உடம்புக்குள் இறங்கிவிடும். குறுக்குவழி கண்டால் மின்சாரமும் நம்மூர்க்காரன்தான்.

சீசனில் ஐந்தருவி ரோட்டில் போனால் பார்க்கலாம். குடும்பத்தைப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு ஒருவர் உதைத்துக்கொண்டே இருப்பார். இதற்கு வைத்தியம் எளிது: கேப்பைக் கழற்றி, உள்ளும் புறமும் துடைத்து, ஊதி, திரும்ப மாட்டினால் தீர்ந்தது. மெக்கானிக் வேண்டாம், ஷோரூம் வேண்டாம். உலர்ந்த துணி ஒன்று இருந்தால் போதும். சீசன் காலத்தில் குற்றாலத்தில் கிடைக்காத ஒரே பொருள் அது. பிரேக்கும் அப்படித்தான். டிரம்முக்குள் தண்ணீர் போனால் ஷூ வழுக்கும். கொஞ்ச தூரம் மெதுவாகப் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு ஓட்டினால் உராய்வின் சூட்டில் அதுவே காய்ந்துவிடும். இந்த இரண்டையும் தன்வினைக் கட்சியின் மறுக்க முடியாத வெற்றிகளாகப் பதிவு செய்கிறேன். அவர்களுக்கு வேறு வெற்றிகள் அதிகம் கிடையாது என்பதால் சற்று விரித்தே சொன்னேன்.

இனித் தன்வினை.

ஒரு முறை சர்வீஸ் பில்லைப் பார்த்தேன். ஆயில் மாற்றக் கூலி, அந்தக் கூலியின் மேல் மத்திய அரசுக்கு 9 சதவீதம், மாநில அரசுக்கு 9 சதவீதம். ஒரு போல்ட்டைக் கழற்றி மாட்டுவதில் இரண்டு அரசாங்கங்களுக்குப் பங்கு இருக்கிறது என்பது என் சுயமரியாதையைச் சுட்டது. ஆயில் மாற்றுவதில் என்ன வித்தை இருக்கிறது? என்ஜினைச் சற்றுச் சூடாக்கினால் ஆயில் இளகும். அடியில் பாத்திரம் வைத்து டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் கறுப்பாய் வடியும். போல்ட்டை மாட்டிப் புதிய ஆயிலை ஊற்றினால் ஆயிற்று. என் வண்டிக்கு ஒரு லிட்டர்கூட வேண்டாம்.

கணக்கு போட்டேன். ஸ்பானர் செட்டின் விலை மூன்று சர்வீஸ் கூலிக்குச் சமம். நான்காவது சர்வீஸிலிருந்து லாபம். கணக்கில் வராத செலவுகளும் இருந்தன. ஆயில் ஊற்ற எடுத்த புனலுக்குப் பதிலாகச் சமையலறைக்குப் புதுப் புனல். கழிவு ஆயில் பிடித்த அலுமினியச் சட்டிக்குப் பதிலாக எவர்சில்வர் சட்டி. முற்றத்துச் சிமென்ட் தரையில் விழுந்த கறைக்குப் பதிலாக எதுவும் இல்லை, அது இன்றும் இருக்கிறது. தன்வினை சுடும் என்று பட்டினத்தார் கதையில் கேட்டிருப்போம். சூடான சைலன்சரில் முழங்காலுக்குக் கீழே பட்ட பிறகுதான் அது உவமை இல்லை என்று தெரிந்தது.

லாபம் தொடங்க வேண்டிய அந்த நான்காவது சர்வீஸில் திரெட் போனது. இதன் அறிவியலைச் சொல்லிவிடுகிறேன். போல்ட் எஃகு. அது போய் உட்காரும் என்ஜின் அடிப்பாகம் அலுமினியக் கலவை. இரண்டும் மல்லுக்கு நின்றால் விட்டுக்கொடுப்பது அலுமினியம். எவ்வளவு இறுக்கலாம் என்று கம்பெனி நியூட்டன் மீட்டரில் அளவு சொல்லியிருக்கிறது. அதை அளக்கும் டார்க் ரெஞ்சு என் செட்டில் இல்லை. எங்கள் வீட்டில் வழங்கும் அலகு ‘நல்லா டைட்டா’. அதற்குமேல், ஒழுகிவிடுமோ என்ற பயத்தில் இன்னொரு அரைச் சுற்று. இறுகி இறுகி வந்த போல்ட் அந்த அரைச் சுற்றில் திடீரென்று இளகி, வெண்ணெயில் சுற்றுவதுபோல் சுற்றும். அந்தக் கணத்தைக் கையில் உணர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உணராதவர்களுக்கு விளக்க முடியாது.

“ஏங்க, முடிஞ்சுதா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. எல்லா வகையிலும் முடிந்திருந்தது.

அமெரிக்காவில் ராபர்ட் பிர்சிக் என்பவர் மோட்டார் சைக்கிள் பராமரிப்பையும் ஜென் தத்துவத்தையும் சேர்த்து 1974இல் ஒரு புத்தகம் போட்டார். அதைப் பிரசுரிக்க 121 பதிப்பகங்கள் மறுத்தன என்பார்கள். அதில் ஒரு கட்டம்: நண்பரின் விலையுயர்ந்த பிஎம்டபிள்யூ பைக்கில் ஹேண்டில்பார் வழுக்குகிறது. பழைய பீர் டப்பாவிலிருந்து ஒரு தகட்டை வெட்டி இடையில் செருகினால் சரியாகிவிடும் என்கிறார் கதைசொல்லி. நண்பருக்கு மனம் ஒப்பவில்லை. பிர்சிக் இதிலிருந்து பக்கம் பக்கமாகத் தத்துவம் எடுக்கிறார். தென்காசியில் அந்தப் புத்தகத்துக்கு வேலையே இருந்திருக்காது. பீர் டப்பாவை நீட்டினால் உள்ளே மிச்சம் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்துவிட்டு வெட்டி மாட்டியிருப்பார்கள். இங்கே ஃப்யூஸ் போனால் சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாளைச் சுருட்டிச் செருகும் வழக்கம் நெடுநாளாக உண்டு. (வேண்டாம். ஃப்யூஸின் கடமை எரிந்து சாவது. அந்தத் தாள் சாகாது. அதற்குப் பதிலாக வயர் சாகும்.)

பிறவினைக்கு வருவோம். இலஞ்சியிலிருந்து தென்காசிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டே போனேன். வழியில் பதினோரு பேர் விசாரித்தார்கள். பதினோரு பேரும் கேட்டது ஒரே கேள்வி: “பெட்ரோல் இல்லையா அண்ணாச்சி?” மோட்டார் வாகனத்துக்கு வேறு நோய் வரும் என்பதை நம் சமூகம் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

மெக்கானிக் வண்டியின் அடியில் குனிந்து பார்த்தார். போல்ட்டைத் தொட்டார், சுற்றினார், நிமிர்ந்தார். பிறகு, நெல்லைச் சீமையின் எல்லா ஒர்க்‌ஷாப்புகளிலும் முதலில் கேட்கப்படும் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“யாரு கை வச்சா?”

நோயறியக் கேட்ட கேள்வியாக இதை ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. நோய் அவருக்கு அப்போதே தெரியும். இது வழக்கு விசாரணை. கை வைத்தவன் இன்னான் என்று நிலைநாட்டப்பட்டதும், வண்டியின் அதுவரையான குறைகளும் இனி வரப்போகும் குறைகளும் அவன் பெயரில் பத்திரமாகிவிடும். ஹார்ன் கம்மியிருந்தது, “கை வச்சிருக்கீங்கள்லா” என்றார். பின் டயர் தேய்ந்திருந்தது. அதற்கும் என் கையைப் பார்த்தார். நான் டயரைத் தொட்டதே இல்லை. சொல்லிப் பயனில்லை.

அந்த மரத்தடியைப் பற்றி ஒரு வார்த்தை. கடைசிக் காலத்தில் குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி., வட்டத்தொட்டி என்ற சபையில் கம்பனை வரி வரியாகச் சுவைத்தார் என்று படித்திருக்கிறோம். மரத்தடியில் பழைய டயர்களை அடுக்கி உட்கார்ந்திருக்கும் சபையும் அதற்குச் சளைத்ததில்லை. அவர்களின் கம்பன் மைலேஜ். ஆர்எக்ஸ் 100இன் சத்தத்தைப் பற்றி ஒருவர் பேசத் தொடங்கினால் மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். 1996இல் தயாரிப்பு நின்றுபோன வண்டி அது. இங்கே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, பாதி ரோட்டிலும் பாதி பேச்சிலும்.

“எப்ப அண்ணாச்சி கிடைக்கும்?” என்று கேட்டேன்.

“நாளைக்கு.”

‘ஓடுவண்டி’ என்றால் ஓடிய, ஓடுகிற, ஓடும் என்று முக்காலமும் அதில் மறைந்திருக்கும். அதை வினைத்தொகை என்பர். மெக்கானிக் வாயிலிருந்து வரும் ‘நாளைக்கு’ அதே இனம். எந்தக் காலம் என்பதைக் கேட்பவன் விரித்துக்கொள்ள வேண்டும். நான் மூன்று நாளாக விரித்துக்கொண்டேன். சரியாகத்தான் இருந்தது. அந்த மூன்று நாளில் அவர் என்ஜின் அடிப்பாகத்தை லேத்துக் கடைக்குக் கொண்டுபோய், ஓட்டையைச் சற்றுப் பெரிதாக்கி, புதிதாகத் திரெட் போட்டு, ஓவர்சைஸ் போல்ட் மாட்டினார். கூலி, நான் நான்கு சர்வீஸில் மிச்சம் பிடிக்க நினைத்ததைவிட அதிகம்.

காத்திருந்த வேளையில் திருக்குறளை நினைத்தேன். ‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிக் குறள் வைத்தியத்தை நான்காகப் பகுக்கிறது: நோயாளி, வைத்தியர், மருந்து, உடனிருந்து உதவுபவர். பரிமேலழகர் ஒவ்வொன்றையும் மேலும் நான்காகப் பிரிக்கிறார். மரத்தடியில் இதைப் பொருத்திப் பார்த்தேன். நோயாளி வண்டி, வைத்தியர் மெக்கானிக், மருந்து லேத்தில் போட்ட திரெட், உதவுபவர் டீ வாங்கப் போன பையன். அருமையாகப் பொருந்தியது. ஆனால் வண்டிக்காரன் எங்கே? பதினாறு கூறுகளிலும் தேடிவிட்டேன். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவனுக்கு வள்ளுவரும் இடம் தரவில்லை, உரைகாரரும் தரவில்லை. டயர் மேல் உட்கார்ந்தேன்.

மூன்றாவதான செயப்பாட்டுவினையைச் சுருக்கமாகச் சொல்லலாம். அங்கே நம்மை எதையும் பார்க்க விடுவதில்லை. அடுத்த சர்வீஸுக்கு, ஊரும் பெயரும் சொல்ல விரும்பாத ஒரு ஷோரூமுக்குப் போனேன். கண்ணாடிச் சுவர், சோபா, தண்ணீர் டம்ளர். மாலையில் தந்த தாளில் இப்படி இருந்தது: ஆயில் மாற்றப்பட்டது. செயின் இறுக்கப்பட்டது. வண்டி கழுவப்பட்டது. பொதுப் பரிசோதனை செய்யப்பட்டது. இலக்கணப்படி செயப்பாட்டுவினையில் செய்தவன் மூன்றாம் வேற்றுமை ஏற்று ‘ஆல்’ உருபோடு நிற்க வேண்டும்; கண்ணனால் இறுக்கப்பட்டது என்பதுபோல. தாள் முழுக்கத் தேடியும் ‘ஆல்’ இல்லை.

“இதுல ‘ஆல்’ எங்க தம்பி?” என்று சர்வீஸ் அட்வைசரிடம் கேட்டேன்.

“ஆல் இன்க்ளூடட் சார்” என்றார்.

ஷோரூம் கட்சிக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் இதையும் சொல்ல வேண்டும். வாரண்டி இருக்கும்வரை அங்கே போவதே புத்தி. இலவச சர்வீஸ் கூப்பனை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு மரத்தடிக்குப் போகிறவன் கம்பெனிக்குத்தான் தானம் செய்கிறான். அதைவிடப் பெரிய காரணம் 2020 ஏப்ரல் 1. அன்று பிஎஸ் 6 விதி வந்தது. பெரும்பாலான புது வண்டிகளிலிருந்து கார்புரேட்டர் விடைபெற்றது. எவ்வளவு பெட்ரோல் எப்போது போக வேண்டும் என்பதை சென்சார்களின் பேச்சைக் கேட்டு ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. 1980இல் வந்த டிவிஎஸ் 50ஐ ஒரு ப்ளக் ஸ்பானரும் கொஞ்சம் துணிச்சலும் இருந்தால் பள்ளிக்கூடத்துப் பையன் பிரித்து மாட்டுவான். அதன் பேரனான எக்ஸ்எல் 100இலும் இன்று ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பிவிட்டு, கண்ணை மூடி, தலையைச் சாய்த்து என்ஜினைக் கேட்கும் மெக்கானிக்கின் தியானத்துக்கு அங்கே வேலை இல்லை. மஞ்சள் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். எங்கள் மரத்தடி ஆசிரியரும் இப்போது ஒன்று வாங்கிவிட்டார். வாங்கிய ஸ்கேனரைப் பார்த்துவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டும் பார்த்துக்கொள்கிறார்.

யார் பழுது பார்க்கலாம் என்பது டெல்லி வரை போன வழக்கு என்பதையும் ஆய்வுலகம் அறிய வேண்டும். உதிரிப் பாகங்களை வெளிச்சந்தைக்கு விடாமல், தங்கள் டீலர்களைத் தவிர வேறு மெக்கானிக்குகளைத் தடுக்கிறார்கள் என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன. 2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென்றே ஓர் இணையதளம் தொடங்கியது, அதில் வாகனங்களும் ஒரு பிரிவு. உரிமை இருப்பது தெரிந்ததும் எனக்குக் கை பரபரத்தது. திரெட்டுக்கு உரிமை உண்டா என்று அதில் தேடவில்லை.

இத்தனை ஆண்டு ஆய்வில் நான் கண்டது இதுதான். கூலி என்ற பெயரில் நாம் கொடுப்பதில் பாதி, பழியை இன்னொருவர் தலையில் ஏற்றும் சுமைகூலி. ஷோரூமில் விட்டால் ‘அவங்க சரியாப் பாக்கல’ என்று ஓர் ஆண்டு பேசலாம். மரத்தடியில் விட்டால் ‘அவரு அப்பிடித்தான்’ என்று வாழ்நாள் முழுக்கப் பேசலாம், அவரிடமே திரும்பப் போகவும் செய்யலாம். முற்றத்தில் பார்த்தால் பேச ஆளில்லை. ஆயில் ஒழுகும் ஒவ்வொரு சொட்டும் நம் பெயரைச் சொல்லி விழும்.

இந்த உண்மையைத் தென்காசியில் ஒருவர் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே கண்டிருக்கிறார். காசி விஸ்வநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியர் அங்கே ஒரு கல்வெட்டுப் பாட்டை விட்டுப் போயிருக்கிறார். இந்தக் கோயிலுக்குப் பின்னாளில் ஏதேனும் பழுது வந்தால், அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும் அவர்களை இப்போதே பணிகிறேன் என்பது அதன் கருத்து. உலகத்தில் வாடிக்கையாளர் எவரும் மெக்கானிக்கிடம் இப்படிப் பேசியதாக நான் படித்ததில்லை, அதுவும் பழுது வருவதற்கு முன்பே, அதுவும் முடி சூடிய தலையோடு. ‘யாரு கை வச்சா’ என்று கேட்காமல், கை வைக்கப்போகிறவன் காலில் முன்கூட்டியே விழுந்தவர் அவர் ஒருவர்தான். பிற்காலத்தில் ராஜகோபுரம் சிதைந்து பல தலைமுறைக்கு மொட்டைக் கோபுரமாக நின்றது. ஒன்பது நிலையோடு மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டது 1990இல். அந்த வேலையை எடுத்தவர்களிடமும் யாராவது ‘எப்ப கிடைக்கும்’ என்று கேட்டிருப்பார்கள். அவர்களும் ‘நாளைக்கு’ என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

எச்சவியல்

தொல்காப்பியச் சொல்லதிகாரம் எச்சவியலோடு முடிகிறது. பழுது பார்ப்பும் எச்சத்தோடுதான் முடியும். எல்லாவற்றையும் மாட்டிய பிறகு தட்டில் ஒன்று மிச்சம் கிடக்கும்.

திரெட் போன அன்று என் தட்டில் ஒரு நட்டு மிச்சம் இருந்தது. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. அது இல்லாமலே வண்டி நிற்பதும் ஓடுவதும் பழையபடிதான் இருந்தது. காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் உள்ளங்கையில் வைத்து உருட்டினார்.

“இது இந்த வண்டி நட்டே இல்ல அண்ணாச்சி. இதுக்கு திரெட்டே வேற.”

ஆய்வு புதிய திசையில் திரும்பியது. எனக்கு முன்பே யாரோ இந்த வண்டியில் கை வைத்திருக்கிறார்கள். வேற்று வண்டியின் நட்டை இதில் விட்டுப் போயிருக்கிறார்கள். ஆதிச்சநல்லூரில் போல அடுக்கடுக்காகத் தோண்டினால் இன்னும் கிடைக்கலாம். என் பெயரில் இருக்கும் பத்திரத்தைத் திருத்தி எழுத இது ஆதாரமாகும் என்று மனம் துள்ளியது. வீட்டுக்கு வந்து, நட்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, பெரிய கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனைவி தோசைக்கரண்டியோடு வந்தாள். குனிந்து பார்த்தாள்.

“ஏங்க, இது நம்ம கிரைண்டர் நட்டுல்லா. ரெண்டு வருசமாத் தேடுதேன். அன்னைக்கு நீங்க அதப் பிரிச்சு மாட்டுனீங்கள்லா, அதுல இருந்துதான் கல்லு ஆடுது. எந்த டப்பால கிடந்துச்சு?”

வண்டியின் நட்டுகளைப் போட்டுவைக்க அன்று அடுப்படிப் பரணிலிருந்து நான் எடுத்த டப்பாவில்தான். அதை நான் சொல்லவில்லை. யார் கை வைத்தது என்று அவளும் கேட்கவில்லை. நட்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போனாள். அன்று சாயங்காலத்திலிருந்து என் ஸ்பானர் செட்டைக் காணவில்லை.